மீராசாஹிப் கீறிய கண்ணாடி

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போகும் சின்ன வீதியில், படங்களுக்குப் பிரேம் போடும் கடை ஒன்றை யசோதரனும் அவன் மனைவி சுபாஜினியும் நடத்தி வந்தார்கள். யசோதரன் உடப்பைச் சேர்ந்தவன். கடல் தொழில் செய்யும் குடும்பத்தில் கடலுக்குப் போகாத ஒரே ஆள். சுபாஜினி யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் பிறந்தவள். சண்டைக் காலத்தில் முன்னேஸ்வரத்திலிருந்த சித்தப்பா வீட்டுக்கு வந்து, இந்தப் பக்கத்திலேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டாள். மரம் அறுப்பதும் ஆணி அடிப்பதும் அவன் வேலை. கண்ணாடி வெட்டுவதும் வருகிறவர்களோடு கதைப்பதும் அவளுடையது.

கலியாணப் படங்கள், பட்டமளிப்புப் படங்கள், முருகன், வேளாங்கண்ணி மாதா, பச்சைத் துணியில் பொன்னெழுத்தில் நெய்த அரபு வசனங்கள், செத்துப்போனவர்களின் முகங்கள் என்று எல்லாமே அந்தக் கடைக்கு வந்தன. பத்து வருடமாகப் பார்த்துப் பார்த்து, ஒரு படத்தைக் கையில் வாங்கிய உடனேயே அதற்கு எந்த நிறப் பிரேம் என்று சொல்லிவிடுமளவுக்கு அவள் கண் பழகியிருந்தது.

போர் முடிந்து ஐந்தாம் வருடம், பங்குனி மாத வெயிலில் ஒரு முச்சக்கர வண்டி கடை வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளைச் சேலை முக்காட்டோடு ஒரு பெண் இறங்கினாள். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். வண்டியை ஓட்டி வந்தவர் இறங்காமலே, "நீங்க கதைச்சு முடியுங்க ராத்தா, நான் டீசல் அடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கையில் துணியால் சுற்றிய நீளமான சுருள் ஒன்று இருந்தது.

"நான் கரைத்தீவில இருந்து வாறன், மகள். சித்தி ஸுலைஹா எண்டு பேர். வண்டியோட வந்தது என்ட தம்பி பாறூக். என்ட மனுசன் மவுத்தாகி இத்தா இருந்தன். போன கிழமைதான் வெளிக்கிட்டன். இதுதான் முதல் வேலை" என்று சொல்லிக்கொண்டு சுருளை மேசையில் வைத்தாள்.

கணவன் இறந்து நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தவள், வெளியே வந்ததும் முதலில் ஒரு பிரேம் கடைக்கு வந்திருக்கிறாள். அவருடைய படமாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடி சுபாஜினி துணியை அவிழ்த்தாள்.

படம்தான். ஆனால் மனிதரின் படம் இல்லை.

தையற்காரர்கள் அளவு எடுத்து உருவம் வெட்டும் தடித்த மண்ணிறத் தாள். விரித்தபோது மேசையின் இரண்டு பக்கமும் தொங்கியது. அதன் நடுவில் பென்சிலால் ஒரு முகக்கண்ணாடி கீறப்பட்டிருந்தது. மேசையில் வைத்துப் பாவிக்கும் பழைய காலத்து மரக்கண்ணாடி. அடியில் இழுத்துத் திறக்கும் இரண்டு சின்ன லாச்சிகள். அவற்றின் மேல் இரண்டு தூண்கள். தூண்களுக்கு நடுவே, முன்னும் பின்னும் சரிக்கக்கூடியதாய்க் கண்ணாடி. தூண்களில் திராட்சைக் கொடி சுற்றி ஏறி, உச்சியில் இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு பூவாக விரிந்தது.

சுபாஜினி குனிந்தாள். பிறகு கண்ணாடி வெட்டும்போது போடும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தாள்.

முன்பக்கம் ஒரு படம். பக்கத்தில் அதே சாமான் பக்கவாட்டில். அதைச் சுற்றிலும் தூண், லாச்சி, கால், உச்சிப் பூ என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒரு சேட்டைத் தைக்க முதல் கை, கழுத்து, முதுகு என்று பிரித்து வெட்டி வைப்பார்களே, அப்படி. நிழல் விழும் இடங்களில் மற்றவர்கள் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார்கள். இதைக் கீறியவர் எங்குமே தேய்க்கவில்லை. அரிசி மணியிலும் சின்னக் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக நூல் ஓடியதுபோல் போயிருந்தன. மரம் உள்வாங்கிய இடத்தில் கோடுகள் நெருங்கின. மேடான இடத்தில் விலகின. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மரத்தைத் தொடலாம்போல் இருந்தது.

"இது தையல் எல்லோ அன்ரி?" என்றாள் சுபாஜினி.

ஸுலைஹா சிரித்தாள். "ஓட்டுத் தையல்தான். அவர் டெய்லர். மீராசாஹிப் டெய்லர் எண்டா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில எல்லாருக்கும் தெரியும். வேற விதமாக் கோடு போட அவருக்குத் தெரியாது."

"ஒரு இலையில ஓட்டை இருக்கு. புழு திண்டமாதிரி."

"ஓம். மரத்தில செதுக்கினவன் அப்பிடித்தான் செதுக்கி இருந்தான். அதையும் விடாமக் கீறி இருக்காரு, பாருங்க."

ஒரு இலை மடங்கி அதன் பின்பக்க நரம்பு தெரிந்தது. இன்னொரு இலைக்குக் கீழே ஒரு பழம் பாதி ஒளிந்திருந்தது. லாச்சிப் பிடியில் ஒன்று உருண்டை, மற்றது கொஞ்சம் தட்டை. எல்லாம் சரியாக இருந்த படத்தில், நடுவில் கண்ணாடி இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறும் தாளாகக் கிடந்தது.

"கண்ணாடிக்குள்ள ஏன் ஒண்டுமே கீறேல்லை?"

"நானும் கேட்டன். கண்ணாடிக்குள்ள முன்னுக்கு நிக்கிற ஆள்தானே தெரியும், ஆளைக் கீற எனக்குத் தெரியாது எண்டு சொன்னாரு."

ஸுலைஹா கதிரையில் உட்கார்ந்து படம் வந்த கதையைச் சொன்னாள். அந்தக் கண்ணாடி அவளுக்குக் கலியாணத்துக்கு அவளுடைய வாப்பா கொடுத்தது, முதிரை மரம். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், துவக்கோடு வந்த இயக்கப் பொடியன்கள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, உடுத்த உடுப்போடு எல்லாரும் வெளிக்கிட்டார்கள். கண்ணாடி வீட்டிலேயே நின்றது. கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் குந்தியிருந்த முதலாவது வருடம், ஒருநாள் கதைவாக்கில் அவள், உச்சிப் பூவுக்கு ஆறு இதழ் என்று சொன்னாள். இல்லை, எட்டு என்றார் மீராசாஹிப். விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. பள்ளிவாசலில் யாரோ கொடுத்த தையல் மெஷினுக்குத் துணி வரும்வரை வேலையும் இல்லை. அவர் தாளை விரித்துப் போட்டுக்கொண்டு கீறத் தொடங்கினார்.

"ஆறு கிழமை கீறினாரு. கீறி முடிச்சு, பார், எட்டு எண்டாரு. நீங்க எட்டுக் கீறினா அது எட்டுத்தானே எண்டு நான் சொன்னன். மவுத்தாகிறவரைக்கும் அந்தச் சண்டை முடியேல்ல."

சுபாஜினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாளின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே பொடி எழுத்தில், அம்புக்குறி போட்டு, சில குறிப்புகள் இருந்தன. 'இடது தூண், மூன்றாம் இலை. மெழுகுதிரி சுட்ட அடையாளம்.' 'ஸுலைஹா சீப்பு வைக்கும் இடம்.' அதற்குக் கீழே: 'வலது லாச்சி மாரிக்கு இறுகும். அடியில் கைகொடுத்துத் தூக்கி இழுக்க வேணும்.'

அதை வாசித்தபோது அவளுடைய இடது கை தானாகத் திரும்பி, உள்ளங்கை மேலே பார்க்க, மேசை விளிம்புக்குக் கீழே போனது. அடியில் கைகொடுத்துத் தூக்குகிற கை. பதின்மூன்று வயதிலிருந்து எத்தனை மாரிக்காலம் அந்தக் கை அப்படிப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கொக்குவிலில், அவள் பிறந்த வீட்டின் நடு அறையில், அம்மாவின் அலுமாரிக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடி நின்றது.

"பெரிய தாள் அன்ரி. கொஞ்ச நாள் எடுக்கும்" என்று மட்டும் சொன்னாள். "அடுத்த கிழமை வாங்கோ."

*

அன்று பின்னேரம் கடையைப் பூட்ட முதல் யசோதரனிடம் சொன்னாள். அவன் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"ஒரே மாதிரி நாலு கண்ணாடி இருக்கும். ஒரு ஆசாரி ஒண்டு மட்டுமா செய்வான்?"

"செய்திருக்கலாம். எல்லாத்திலயும் வலது லாச்சிதான் இறுகுமோ?"

அவன் தொலைபேசியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

தம்பி தனஞ்சயன் அம்மாவோடுதான் கொக்குவிலில் இருந்தான். பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்தான். கண்ணாடியின் உச்சியில் இருக்கிற பூவுக்கு எத்தனை இதழ் என்று எண்ணச் சொன்னபோது, அக்காவுக்கு வெயில் பிடித்துவிட்டதோ என்று கேட்டான். கேட்டுவிட்டு எண்ணினான்.

"ஏழு."

"திருப்பி எண்ணு."

"ஏழுதான் அக்கா. கணக்கு வாத்திக்கு எண்ணத் தெரியாதே?"

"இடது பக்கத் தூணில, கீழயிருந்து மூண்டாவது இலையைப் பார். ஏதும் இருக்கா?"

தனஞ்சயன் குனிந்து பார்த்தான். "கறுப்பா ஒரு பொட்டு இருக்கு. சுட்டமாதிரி. சின்னனில நீதான் சுட்டனி எண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான். ஏன் கேக்கிறாய்?"

அவள் சொன்னாள். தனஞ்சயன், "அம்மாவோட நீயே கதை" என்று தொலைபேசியை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தான்.

அம்மா இரஞ்சிதம் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டு முடிந்ததும், "இப்ப அவ அதைக் கேக்கிறாவோ?" என்றாள்.

"அவவுக்கு ஒண்டும் தெரியாது அம்மா. நான் இன்னும் சொல்லேல்லை."

"சொல்லாதை. நாங்கள் ஒருத்தற்றை வீட்டுக்கையும் போய்த் தூக்கி வரேல்லை. அந்தச் சனத்தின்ரை சாமான்களை இயக்கம் வித்த இடத்தில வாங்கினது. நீ பெரிய பிள்ளையாகினதுக்கு அப்பா ஆசைப்பட்டு வாங்கினது."

"ஆரின்ரை சாமான் எண்டு தெரிஞ்சுதானே வாங்கினது?"

"ஊருக்கே தெரியும்." அம்மாவின் குரல் உயர்ந்தது. "நாங்களும்தானே ஓடினாங்கள்? தொண்ணூற்றைஞ்சில ஆமி வரேக்கை ஓடிப் போட்டுத் திரும்பி வரேக்கை கதவு இல்லை, யன்னல் இல்லை, ஒரு சட்டி முட்டி இல்லை. உது மட்டும் கிணத்தடியில குப்புறக் கிடந்தது. ஆரோ தூக்கிக்கொண்டு போகேலாமல் போட்டிட்டுப் போயிருக்கிறாங்கள். நான்தான் தனியத் தூக்கி வந்து சேறு கழுவி வச்சனான். என்ர வீட்டில எனக்கு மிஞ்சினது அது ஒண்டுதான்."

அம்மா சொன்னதில் பொய் இல்லை. சுபாஜினி அப்பாவைப் பற்றிக் கேட்டாள். அப்பா மார்க்கண்டு இறந்து எட்டு வருடமாகிறது.

"அப்பா ஏதும் சொன்னவரோ, அதைப்பற்றி?"

"உன்ர அப்பா அந்தக் கண்ணாடியில ஒருநாளும் முகம் வழிச்சதில்லை" என்றாள் இரஞ்சிதம். "முத்தத்து வேம்பில ஒரு உடைஞ்ச கண்ணாடித் துண்டைக் கட்டி வச்சு அதிலதான் வழிச்சவர். நானும் ஏன் எண்டு கேக்கேல்லை." அதோடு தொலைபேசியை வைத்துவிட்டாள்.

*

அந்த ஒரு கிழமையும் படம் கடையின் பின்னறையில் பலகை மேல் விரிந்து கிடந்தது. சுபாஜினி கண்ணாடி வெட்டிவிட்டாள். யசோதரன் தேக்குநிறப் பிரேமும் அறுத்துவிட்டான். பொருத்தத்தான் அவளுக்குக் கை வரவில்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் போய்ப் பார்த்தாள். இத்தனை வருடம் முகம் பார்த்த சாமானில் தான் பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் புழு தின்ற இலை அவளுக்குத் தெரியாது. பழம் ஒளிந்திருந்ததும் தெரியாது. கண்ணாடிக்கு முன்னால் நின்றவள் தன்னைத்தான் பார்த்தாள். அவரோ, கண்ணாடி கைவிட்டுப் போனபிறகு, ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு நரம்பாகப் பார்த்திருக்கிறார்.

"சொல்லாமல் விட்டா ஆருக்கும் தெரியப் போறதில்லை" என்றான் யசோதரன், ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டு. "ஆனா இந்தப் படத்துக்கு உன்னால பிரேம் போட ஏலாது."

ஸுலைஹா சொன்ன நாளில் வந்தாள். இந்தமுறை பாறூக்கும் உள்ளே வந்து ஒரு பக்கமாக நின்றார். படம் பிரேம் போடாமல் கிடந்ததைக் கண்டதும் ஸுலைஹாவின் முகம் சுருங்கியது.

"இருங்கோ அன்ரி. ஒரு கதை சொல்ல வேணும்" என்று சுபாஜினி தொடங்கினாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். கண்ணாடி எங்கே நிற்கிறது, எப்படி வந்தது, யார் வாங்கியது, யார் பாவித்தது.

பாறூக்தான் முதலில் கதைத்தார். "அப்ப வேனைப் பிடிச்சுக்கொண்டு போவம் ராத்தா. விலாசத்தை எழுதித் தாங்க."

ஸுலைஹா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"கண்ணாடி ஒடையேல்லையா?"

"இல்லை. ஓரத்தில கொஞ்சம் ரசம் போயிட்டுது."

"அதில முகம் பாத்தது நீங்களா?"

"ஓம். நான்தான்."

"வடிவாத் தெரிஞ்சுதா?"

சுபாஜினிக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"பூவுக்கு எத்தின இதழ்?" என்று கேட்டாள் ஸுலைஹா.

"ஏழு. தம்பி ரெண்டு தரம் எண்ணினவன்."

"ஏழா?" ஸுலைஹா நிமிர்ந்தாள். "ஏழா!" பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் குலுங்கியது. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. "ரெண்டு பேரும் பிழை. இருபத்திமூணு வருசம். அந்த மனுசனுக்கு இதைச் சொல்ல ஏலாமப் போச்சே."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பியபோது அவள் கண்ணாடியைக் கேட்கவில்லை. படத்துக்குப் பிரேம் போட்டுத் தரும்படிதான் சொன்னாள். அதற்கு முதல் படத்தைத் தன் அம்மாவுக்குக் காட்டலாமா என்று சுபாஜினி கேட்டாள். ஸுலைஹா யோசித்தாள்.

"படம் பிடிச்சு அனுப்புங்க. பாக்கட்டும். பிடுங்கிறதுக்கு அனுப்புறன் எண்டு மட்டும் அவ நினைக்க வேணாம்."

*

பக்கத்து ஸ்டூடியோக்காரர் மேசைமேல் ஏறி நின்று படத்தைப் பகுதி பகுதியாக எடுத்து, ஆறு பெரிய படங்களாக அடித்துத் தந்தார். சுபாஜினி அவற்றை யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். பிறகு இருந்து இருந்து பார்த்தாள். மூன்று நாள் கொக்குவிலில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. தனஞ்சயனிடம் கேட்டபோது, "அம்மா அந்த ஆறு படத்தையும் கட்டிலில ஒண்டோட ஒண்டு சேத்து வச்சிட்டுக் கண்ணாடிக்கு முன்னால கதிரை போட்டு இருக்கிறா. சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்புறா இல்லை" என்றான்.

நாலாம் நாள் இரஞ்சிதம் தானே எடுத்தாள்.

"சுபா, அந்த மனுசன் எல்லாத்தையும் கீறியிருக்கிறார்."

"ஓம் அம்மா."

"வருசப் பிறப்புக்கு வருசப் பிறப்பு நான் எண்ணெய் போட்டுத் துடைக்கிறனான். அந்த இலையில ஓட்டை இருக்கிறது எனக்குத் தெரியாது. ஊத்தை எண்டு நினைச்சு ஈர்க்கால குத்தியிருக்கிறன்." நிறுத்தினாள். "சீப்பு வைக்கிற இடம் எண்டு எழுதியிருக்கிறார், பாத்தனியே? தூணுக்குப் பின்னால ஒரு சின்னத் தட்டு. நானும் அங்கைதான் வைக்கிறனான். இண்டைக்குக் காலமை தலை இழுத்திட்டுச் சீப்பைக் கொண்டுபோய் அதில வைக்கக் கை வரேல்லை. கையிலயே வச்சுக்கொண்டு நிண்டன்."

பிறகு இரஞ்சிதம் தான் முடிவு செய்ததைச் சொன்னாள்.

"தம்பியை வேன் பாக்கச் சொல்லியிருக்கிறன். வருசப் பிறப்பு முடியக் கொண்டு வாறம். நானும் வருவன். கூலியாளிட்டைக் குடுத்து அனுப்புற சாமான் இல்லை இது."

*

சித்திரை மாதம் நடுப்பகுதி தாண்டி, ஒரு வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். தனஞ்சயன் முன்னால் சாரதியோடு. இரஞ்சிதம் பின்னால், பழைய சேலைகளால் சுற்றிய கண்ணாடியை ஒரு கையால் அணைத்தபடி. விடியமுதல் வெளிக்கிட்டு அநுராதபுரம் வழியாக வந்து, புத்தளத்தில் சுபாஜினியையும் யசோதரனையும் ஏற்றிக்கொண்டு, வேன் கரைத்தீவுப் பாதையில் திரும்பியது. இடப்பக்கம் களப்பு வெள்ளையாக மினுங்கியது. உடைமரங்களுக்குக் கீழே ஆடுகள் நின்றன.

முந்தின நாள் ஸுலைஹா சுபாஜினியிடம் தொலைபேசியில் ஒன்று கேட்டிருந்தாள்: "ஒங்கட உம்மா மச்சம் தின்பாவா?" சைவம் என்று சுபாஜினி சொல்லியிருந்தாள்.

ஸுலைஹாவின் வீடு சின்னக் கல்வீடு; இரண்டு அறை, முன்னால் தகரச் சீற் போட்ட தாழ்வாரம். பிரேம் போட்ட படம் முன்னறைச் சுவரில் தொங்கியது. பாறூக்கும் தனஞ்சயனும் கண்ணாடியை இறக்கிக் கொண்டுபோய் உள்ளே ஒரு மேசையில் வைத்துச் சேலைகளை அவிழ்த்தார்கள். முதிரை மரம் கருஞ்சிவப்பாக இருந்தது. எண்ணெய் மணந்தது.

ஸுலைஹா உடனே கிட்டப் போகவில்லை. முதலில் தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு போய், உச்சிப் பூவை விரலால் ஒவ்வொரு இதழாகத் தொட்டு எண்ணினாள். சீப்பு வைக்கும் தட்டைத் தடவினாள். கடைசியில்தான் கண்ணாடிக்குள் பார்த்தாள். முப்பத்திமூன்று வயதில் கடைசியாகப் பார்த்த இடத்தில் இப்போது ஐம்பத்தேழு வயது முகம். முக்காட்டைச் சரிசெய்துவிட்டு விலகினாள்.

இரஞ்சிதம் கதவடியிலேயே நின்றுகொண்டிருந்தாள். வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு வரவில்லை.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். "தெரிஞ்சுதான் வாங்கினாங்கள். தெரிஞ்சுதான் வச்சிருந்தனாங்கள்."

ஸுலைஹா அவளை நேரே பார்த்தாள்.

"எனக்குக் கோவம் இருந்திச்சு" என்றாள். "ஒரு ஆளில இல்ல. ஊரில. நாங்க ரோட்டால நடந்து போகேக்க கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்கு இருந்தாங்களே, அந்தக் கதவுகளில. மன்னிச்சிட்டன் எண்டு இப்ப சொன்னா அது வாயாலதான் வரும். அப்பிடிச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனா நீங்க இவ்வளவு தூரம் அதைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறீங்க." குசினிப் பக்கம் கையைக் காட்டி, "வாங்க, சாப்பிடுவம். சட்டி எல்லாம் புதுசு. மீன் படாதது" என்றாள்.

பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், முருங்கையிலைச் சுண்டல், மாங்காய்ச் சம்பல். இரஞ்சிதம் முதலில் ஒதுங்கி ஒதுங்கித்தான் சாப்பிட்டாள். கத்தரிக்காய்க்குக் கடுகு அரைத்துப் போட்டிருப்பதைப் பற்றிக் கேட்டதோடு கதை தொடங்கியது. அது யாழ்ப்பாணத்துப் பழக்கம்தான் என்றாள் ஸுலைஹா. கொக்குவிலில் ஒருத்தரும் அப்படிச் செய்வதில்லை என்றாள் இரஞ்சிதம். சோனகத் தெருவில் செய்வார்கள் என்றாள் இவள். இரண்டு இடத்துக்கும் நடுவில் மூன்று மைல் தூரம்கூட இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு இரஞ்சிதம் சுவரில் தொங்கிய படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பஸ்ஸில் வந்த ஆறு துண்டுகளாக இல்லாமல் முழுதாக அவள் அதைப் பார்ப்பது அப்போதுதான். ஸுலைஹாவும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன வடிவாக் கீறியிருக்கிறார்" என்றாள் இரஞ்சிதம். "சாமானைவிட இது வடிவு."

"அது சரிதான். ஆனா அவருக்கு முன்னால இப்பிடிச் சொல்லப்படாது. தலை கனத்திடும்." ஸுலைஹா பிரேமின் மூலையைத் துடைத்தாள். பிறகு, வேறு எதையோ நினைத்தவளாய்க் கேட்டாள்: "நீங்க சோனகத் தெருப் பக்கம் போறனீங்களா? எங்கட வீட்டுக் கிணறு இருக்கா தெரியுமா? பள்ளிக்குப் பின் ஒழுங்கையில, மூணாவது வீடு. முன்னுக்கு ஒரு ஜம்பு மரம் நிண்டது. சண்டை முடிஞ்சு பாறூக் ஒருக்காப் போனான். அவன் ஒண்டையும் ஒழுங்காப் பாத்து வரேல்ல. காடு பத்திக் கிடக்கு எண்டு மட்டும் சொன்னான்."

இரஞ்சிதத்தின் முகம் மாறியது. "நான் போகேல்லை" என்றாள் மெதுவாக. "அந்தப் பக்கம் நான் தொண்ணூறுக்குப் பிறகு ஒருக்காலும் போகேல்லை." பிறகு, "போய்ப் பாத்துச் சொல்லுறன்" என்றாள்.

வேன் திரும்பும்போது இரஞ்சிதம், கை வைக்க இடமில்லாமல், பழைய சேலைகளை மடித்து மடியில் வைத்திருந்தாள். புத்தளத்தில் இறங்கும்போது சுபாஜினி கேட்டாள், வீட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்குமே என்று.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனஞ்சயன் அம்மாவை மோட்டார் சைக்கிளில் சோனகத் தெருவுக்குக் கூட்டிப்போனான். ஒழுங்கை முழுக்கப் பற்றை. மூன்றாவது வீட்டைக் கண்டுபிடிக்க அவர்கள் அங்கே திரும்பி வந்து குடியிருந்த ஒருவரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது. கூரை இல்லை, சுவர் இடுப்பளவுக்கு நின்றது. இரஞ்சிதம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய், கால் மணித்தியாலத்துக்கு மேல் நின்று பார்த்தாளாம். என்ன பார்க்கிறாய் என்று மகன் கேட்டதற்கு, "பொறு, ஒண்டும் விடாமல் சொல்ல வேணும்" என்றாளாம்.

இதையெல்லாம் தனஞ்சயன்தான் சுபாஜினிக்குச் சொன்னான். அன்று பின்னேரம் அம்மாவோடு கதைக்க அவள் தொலைபேசியை எடுத்தபோது லைன் கிடைக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து முயன்றாள். அப்போதும் இல்லை. ஒருவேளை ஏதும் பிரச்சினையோ என்று தம்பிக்கு எடுத்தாள்.

"அம்மா கரைத்தீவு அன்ரியோட கதைக்கிறா" என்றான் அவன். "அரை மணித்தியாலமாச்சு. கிணத்துக்கட்டில எத்தினை கல்லு விழுந்திருக்கு எண்டதில நிக்கிறா. கதை வீட்டுக்குள்ள இன்னும் வரேல்லை."

சுபாஜினி தொலைபேசியை வைத்துவிட்டு, பாதியில் விட்ட கண்ணாடித் தகட்டை எடுத்து அளக்கத் தொடங்கினாள்.